ஒரு ரப்பரும் ‘மெமரி’ என்ற சொல்லும்

சென்ற ஐப்பசியில், அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலைப் பொழுதில், எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் தம் வீட்டுக் கம்ப்யூட்டரின் கறுப்புப் பெட்டியைப் பழைய ஜமுக்காளம் ஒன்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கடைவீதிக்குப் புறப்பட்டபோது, துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமான தம் மனைவியோடு மணையில் அமர்ந்து எடுத்துக்கொண்ட அறுபதாம் கல்யாணப் படங்கள் யாவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, ‘பீப், பீப்’ என்று ஓர் ஓசை வருகிறது, திரையில் மட்டும் ஒன்றும் தோன்றுவதில்லை; இதுதான் நோய்.

ரிப்பேர் கடையில் இருந்த இளைஞர் கெட்டிக்காரர். அந்த ஓசையைக் கேட்ட மாத்திரத்திலேயே நோய் இன்னதென்று கண்டுகொண்டார். கையில் வேறு வேலை இருந்ததால் தலையை நிமிர்த்தாமலே, “மெமரி போயிடுச்சு சார், வச்சுட்டுப் போங்க” என்றார். பெரியவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். “எல்லாமே போச்சாப்பா?” என்று கேட்டார். “அது போனா ஒண்ணுமே வராது சார்” என்று பதில் வந்தது. பெரியவர் அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை. ஜமுக்காளத்தை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடையில் பழகிய கை அது. ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்காமல் அதனால் இருக்க முடியாது.

கால் மணி நேரம் கழித்து இளைஞர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே இரண்டு கொக்கிகளை விரலால் அழுத்த, ஒரு சாண் நீளம்கூட இல்லாத பச்சை நிறப் பட்டை ஒன்று எழும்பி வந்தது. அதன் ஓரத்தில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருந்தன. “டேய் தம்பி, அந்த ரப்பரை எடு” என்று உதவிக்கு நின்ற பையனிடம் சொல்லி, பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் அந்தச் சாதாரண வெள்ளை ரப்பரால் பற்களை இருபுறமும் தேய்த்தார், ஊதினார், மறுபடியும் அதே இடத்தில் வைத்து ‘க்ளிக்’ என்று அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. சற்று நேரத்தில் பெரியவரின் மனைவி, பட்டுப்புடவையும் மாலையுமாக, எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

அந்த இளைஞர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவருடைய தொழிலில் ‘மெமரி’ என்றால் அந்தப் பச்சைப் பட்டைதான். பெரியவர் புரிந்துகொண்டதிலும் பிழையில்லை. மெமரி என்றால் ஞாபகம், ஞாபகம் என்றால் படங்கள். ஒரே சொல்லுக்கு இருவரும் இரண்டு பொருள் கொண்ட காரணத்தால், நேர்மையான இரண்டு மனிதர்களுக்கு நடுவில் கால் மணி நேரம் அப்படியொரு துயரம் வந்து உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைச் சாதாரண ஜனங்கள் அறிந்துகொள்வதில் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு, நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தச் சம்பவத்தைத்தான்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது அவருக்கு விஷயத்தை எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். அவருடைய தொழிலிலேயே அதற்கு உவமை இருந்தது. பழைய ஜவுளிக்கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை இருக்கும். பின்னால் அலமாரிகளும், மாடியில் கிடங்கும் இருக்கும். வாடிக்கையாளர் வந்து அமர்ந்ததும் விற்பனையாளர் அலமாரியிலிருந்து புடவைகளை எடுத்து வந்து மெத்தைமீது விரித்துக் காட்டுவார். கம்ப்யூட்டரில் அந்த மெத்தைதான் ‘ராம்’ என்று சொல்லப்படும் நினைவகம். கிடங்குதான் ‘ஹார்டு டிஸ்க்’ என்னும் வன்தட்டு. எடுத்து விரித்து, அளந்து, கணக்குச் சொல்லும் விற்பனையாளர்தான் ‘பிராசசர்’ என்னும் செயலி. இவ்வளவு சொன்னதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “அப்போ, ராத்திரி கடை கட்டும்போது மெத்தையில எதுவும் இருக்காதே, எல்லாத்தையும் மடிச்சு உள்ள வச்சுடுவோமே, அதானா?” என்று கேட்டார். அதேதான். கம்ப்யூட்டரை அணைத்தால் நினைவகம் வெறும் மெத்தையாகிவிடுகிறது. காலையில் மெத்தை கிழிந்திருந்தால் வியாபாரம் நடக்காது. ஆனால் கிடங்கிலுள்ள புடவைகளுக்கு ஒரு பழுதும் நேர்ந்திருக்காது.

இந்த உவமை என் சொந்தச் சாமர்த்தியம் என்று அன்று எண்ணி மகிழ்ந்தேன். பிறகுதான் இதன் வேர் மிகப் பழையது என்பது நினைவுக்கு வந்தது. 1830-களில் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம்முடைய ‘பகுப்பாய்வு யந்திர’த்தை வரைந்தபோது, எண்களை வைத்திருக்கும் பாகத்துக்குக் ‘கிடங்கு’ என்றும், கணக்குப் போடும் பாகத்துக்கு ‘ஆலை’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களையே பெயராக வைத்தார். பஞ்சாலைகளின் யுகம் அது. அந்த யந்திரத்துக்குக் கட்டளையிடும் துளையட்டைகளையும் அவர் ஜக்கார்டு தறியிலிருந்தே எடுத்துக்கொண்டார். நம் பட்டு நெசவாளர்கள் புடவைக் கரையில் அன்னமும் யாளியும் விழுவதற்குத் தறியின் தலைமேல் கோத்துத் தொங்கவிடும் அதே அட்டைகள்தாம். ஆக, இந்த யந்திரத்தின் சொற்கள் துணிக்கடையிலிருந்தும் தறிக்கூடத்திலிருந்தும் புறப்பட்டவை. ‘மெமரி’ என்ற பிரயோகம் பிற்பாடு வந்தது. 1945-இல் ஜான் வான் நியூமன் எழுதிய புகழ்பெற்ற அறிக்கையொன்று, யந்திரத்தின் பாகங்களை மனித மூளையின் நரம்பணுக்களோடு ஒப்பிட்டுப் பேசி அச்சொல்லைக் கையாண்டது. பிரிட்டிஷ் பொறியாளர்கள் வெகு காலம் பழைய ‘கிடங்கு’ என்ற சொல்லையே வழங்கி வந்தார்கள். எது வென்றது என்பது நமக்குத் தெரியும். ஞாபகம் என்ற சொல்லை ஒரு யந்திரத்தின் உறுப்புக்குச் சூட்டியதன் விளைவைத்தான் கும்பகோணத்துக் கடைவீதியில் ஒரு பெரியவர் அன்று அனுபவித்தார்.

ஏனென்றால், அந்த நினைவகத்தைப்போல மறதி மிகுந்த பொருள் வேறில்லை. இன்று நாம் உபயோகிக்கும் வகையை ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டென்னார்டு என்பவர் கண்டுபிடித்து 1968-இல் காப்புரிமை பெற்றார். அதில் ஒவ்வொரு துளித் தகவலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. ஓட்டைக் குடத்து நீர்போல அந்த மின்னூட்டம் இடைவிடாமல் கசிந்துகொண்டே இருப்பதால், விநாடியில் ஆயிரத்தில் 64 பங்கு நேரத்துக்குள் ஒவ்வொரு குடத்தையும் மறுபடி நிரப்பியாக வேண்டும். மின்சாரம் நின்றால் நிரப்புவார் இல்லை, குடங்கள் வற்றிவிடுகின்றன.

கிடங்கின் கதை வேறு. வன்தட்டில் காந்தப் பூச்சுள்ள தகடுகள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றுக்கு மேல் ஒரு சிறு முனை, தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதந்துகொண்டு எழுதவும் படிக்கவும் செய்கிறது. 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்தட்டில் இரண்டடி அகலமுள்ள தகடுகள் ஐம்பது இருந்தன. ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை. கொண்ட எழுத்துகளோ சுமார் 50 லட்சம்தான். கைப்பேசியில் எடுக்கும் இரண்டொரு புகைப்படங்களுக்கே அது காணாது. இன்று சுழலும் தகடுகளுக்குப் பதிலாக, ஜப்பானியரான ஃபூஜியோ மசூவோக்கா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் வகைச் சில்லுகளால் ஆன ‘எஸ்.எஸ்.டி.’ வந்துவிட்டது, பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் இருப்பவை அதன் உறவினரே. இவற்றில் எதுவானாலும், மின்சாரம் நின்றாலும் எழுதியது எழுதியபடி இருக்கும். ஆனால் சாகாவரம் பெற்றது எதுவுமில்லை. வன்தட்டே பழுதானால் அன்று பெரியவர் பட்ட துயரம் மெய்யாகவே ஆகிவிடும் என்பதால், அன்றிரவே அந்தப் படங்களை வேறிரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைத்தோம்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். “சிஸ்டம் ஸ்லோவாயிடுச்சு” என்று கடைக்குப் போகிறவர்களுக்கு “பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க” என்ற யோசனை எளிதில் கிடைத்துவிடுகிறது. வேகம் குறைவதற்கு மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம். மெத்தை சிறியதாக இருந்தால், நாலு புடவை விரித்ததும் இடமில்லாமல், ஐந்தாவதை எடுக்கும்போதெல்லாம் ஒன்றை மடித்துக் கிடங்குக்குக் கொண்டு போக வேண்டும்; விற்பனையாளர் ஏணி ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடும். அல்லது, கிடங்குதான் தூரமாக இருக்கிறது. இந்தத் தூரத்தை எண்ணிப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். நினைவகத்திலிருந்து ஒன்றை எடுப்பதற்கு ஒரு விநாடி ஆகிறதென்று வைத்துக்கொண்டால், எஸ்.எஸ்.டி.யிலிருந்து அதை எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க ஒரு பகலும் ஓர் இரவும் கடந்துவிடும். விற்பனையாளருக்கே வயதாகிவிட்டது என்பது மூன்றாவது காரணம். முன்னிரண்டில் ஒன்றானால் ஒரு பட்டையையோ ஒரு சில்லையோ மாற்றினால் போதும். புதிய கம்ப்யூட்டரின் விலையில் சிறு பங்குதான் செலவாகும். மகளின் காலேஜ் ப்ராஜெக்டுக்காக நகையை அடகு வைத்துப் புது லேப்டாப் வாங்கிய குடும்பம் ஒன்றை நான் அறிவேன். பழைய லேப்டாப்பைத் திறந்து பார்த்தபோது, இன்னொரு நினைவகப் பட்டைக்கு வேண்டிய இடம் அதில் காலியாகவே கிடந்தது. “மெத்தை சின்னதா, கிடங்கு தூரமா?” என்று கேட்பதற்கு அவர்களிடம் சொற்கள் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அந்த அடகுக்கு இல்லை.

கைப்பேசிகளில் இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. பெட்டியில் ‘8 + 128’ என்று இருந்தால், முன்னது நினைவகம், பின்னது சேமிப்பகம், அதாவது கிடங்கு. இது நியாயமான வழக்கு. ஆனால் ‘8 + 8 ஜி.பி. ராம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டாவது எட்டு, நினைவகமே அன்று. சேமிப்பகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, நினைவகம் நிரம்பும்போது அதில் இடம் கொடுக்கும் ஏற்பாடு. கிடங்கின் ஒரு மூலையில் விரிப்பைப் போட்டுவிட்டு, “எங்கள் கடையில் மெத்தை இரண்டு மடங்கு” என்று விளம்பரம் செய்வதற்கும் இதற்கும் பேதமில்லை. சட்டத்தின் கண்ணில் இது எப்படியோ, அளவையில் நாணயம் வேண்டும் என்று நினைக்கிற எவருக்கும் இது ஏற்கத் தக்கதாக இராது என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் பாட்டனார் காலத்தில் ஒரு மாட்டு வண்டியின் உறுப்புகளைச் சொல்லச் சொன்னால், கையெழுத்துப் போடத் தெரியாத விவசாயிகூட, நுகத்தடி, ஏர்க்கால், அச்சு, குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவார். அவர் தச்சர் அல்லர். ஆரக்கால் இழைக்க அவருக்குத் தெரியாது. ஆனால் கடையாணி தேய்ந்திருக்கும்போது சக்கரத்தையே மாற்ற வேண்டுமென்று எந்தத் தச்சரும் அவரிடம் சொல்லிவிட முடியாது. பெயர் தெரிந்தவனிடம் பேச்சு வேறு விதமாக நடக்கிறது. இன்று வண்டியைக் காட்டிலும் அதிகப் பணம் கொடுத்து வாங்கிய யந்திரத்தை, அதைக் காட்டிலும் அதிக நேரம் உபயோகிக்கிறோம். அதன் உறுப்புகளில் ஐந்தாறின் பெயர்கூட நமக்குச் சரியாகத் தெரிவதில்லை.

சரியாகத் தெரியவில்லை என்பதற்கு நல்ல உதாரணம், பெட்டி முழுவதையும் நாம் ‘சி.பி.யு.’ என்று அழைப்பது. அச்சொல் உண்மையில் செயலியை மட்டுமே குறிக்கும். அது விசிறிக்கு அடியில் ஒளிந்திருக்கும், ஒரு பிஸ்கோத்து அளவுகூட இல்லாத, சதுரமான சில்லு. “சி.பி.யு. ரிப்பேர்” என்று நாம் சொல்வது, தலைவலிக்காரன் ஒருவன் உடம்பு முழுவதையும் ‘மூளை’ என்று அழைத்து, மூளை கெட்டுவிட்டதென்று வைத்தியரிடம் முறையிடுவதை ஒக்கும். அனுபவத்தில் செயலிதான் மிக அபூர்வமாகப் பழுதாகிறது. நம் ஊர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கங்களால் அடிக்கடி அடி வாங்குவது ‘எஸ்.எம்.பி.எஸ்.’ என்னும் மின்வழங்கி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்கி ஒவ்வோர் உறுப்புக்கும் பரிமாறுவது அதுவே. பொத்தானை அழுத்தியும் விளக்கு, விசிறி, ஓசை ஒன்றுமே இல்லையென்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ‘மதர்போர்டு’ என்னும் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற வட்டமான பாட்டரி ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைப்பது அது. அது தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி பிசகினால் வங்கியின் பக்கம் முதற்கொண்டு எல்லாப் பக்கங்களும் ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கும். வைரஸ் புகுந்துவிட்டதென்று வீடே கலங்கும். சில பத்து ரூபாய்களில் நிவர்த்தியாகக் கூடிய கலக்கம் அது.

பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செயலிகளில் ‘ஐ-7’ என்றால் ‘ஐ-3’ஐ விட எப்போதும் உயர்ந்தது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒரே தலைமுறைக்குள் அது சரி; ஆனால் 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஐ-7ஐக் காட்டிலும், பத்தாண்டுக்கு மேல் கழித்து வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ-3 வேகமானது. செயலியின் பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கமே தலைமுறையைச் சொல்லிவிடும். 8250 என்றால் எட்டு, 12100 என்றால் பன்னிரண்டு. அதேபோல, ஒரு டெராபைட் என்று வாங்கிய வன்தட்டு 931 ஜி.பி. என்று திரையில் தெரிவதைக் கண்டு கடைக்காரரைக் கோபிக்க வேண்டாம். செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணி லட்சம் கோடி பைட் கொடுத்திருக்கிறார். விண்டோஸ் அதே குவியலை 1,024, 1,024-ஆக அளக்கிறது. எந்த மரக்காலால் அளந்தது என்று சொல்லாமல் நெல்லின் அளவைச் சொல்லக் கூடாது என்பதை அறிந்துதான், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘ஆடவல்லான்’ என்று மரக்காலின் பெயரையே பொறித்து வைத்தார்கள்.

தமிழில் இவற்றுக்குச் சொற்கள் இல்லையா என்றால், தாராளமாக இருக்கின்றன. 1916-இலேயே சேலத்தில் ராஜாஜியும் அவர் நண்பர்களும் சாஸ்திரப் பரிபாஷைக்கென்று ஒரு சங்கம் வைத்துப் பத்திரிகையும் நடத்திய நாடு இது. செயலி, நினைவகம், வன்தட்டு, தாய்ப்பலகை, விசைப்பலகை, வன்பொருள் எல்லாம் அழகிய சொற்கள், அகராதியில் இருக்கின்றன. குறை சொல்லில் இல்லை. சொல்லின் தாத்பரியத்தை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து சொல்வார் இல்லை என்பதுதான் குறை. ராஜாஜி ரசாயனத்தைப் பற்றி எழுதிய நூலுக்குத் ‘திண்ணை ரசாயனம்’ என்று பெயர் வைத்தார். அந்தத் திண்ணைதான் இப்போது இல்லை. ‘ராம்’ என்பதை ‘நினைவகம்’ என்று மாற்றிச் சொன்னாலும், அது மெத்தை என்று சொல்லாவிட்டால், பெரியவர் தமிழிலும் அதே துயரத்தைத்தான் அடைந்திருப்பார். ‘சேமிப்பகம்’ என்று கிடங்குக்குத் தனிச் சொல் தமிழில் நிலைத்துவருவது பெரிய நன்மை. தமிழில் அமைப்பை வைத்திருக்கும் கைப்பேசிகளில் அதைக் காணலாம். இந்த இரண்டையும் கலக்காமல் வழங்குவது பத்திரிகைக்காரர்களாகிய எங்கள் கடமை. ‘மெமரி’ என்று பொத்தாம் பொதுவாக எழுதுவதை நாங்களும் விட வேண்டும்.

ரிப்பேர் கடைக்காரர்களிடம் நான் வேண்டுவது இரண்டே. பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரே வரியில் முடிக்காமல், எந்த உறுப்பு, எந்த அளவு, கழற்றினதா, சுத்தம் செய்ததா, மாற்றினதா என்று எழுதிக் கொடுங்கள். மாற்றியிருந்தால் பழைய உறுப்பைத் திருப்பிக் கொடுங்கள். டூவீலர் மெக்கானிக் தேய்ந்த செயினையும் பிரேக் ஷூவையும் செய்தித்தாளில் சுற்றி, “இந்தாங்க, பழசு” என்று கையில் கொடுத்துவிடுகிறார். கம்ப்யூட்டர் தொழிலில் மட்டும் அந்த நல்ல வழக்கம் ஏனோ ஊன்றவில்லை. வன்தட்டு விஷயத்தில் இது வெறும் மரியாதையோடு நிற்பதும் அன்று. பழுதானதென்று கடையில் விட்டுவந்த தட்டிலிருந்து ஆதார் நகலையும், வங்கிக் கணக்குகளையும், குடும்பப் படங்களையும் மீட்டெடுக்க வல்லவர்கள் இருக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள், உடைமை உங்களுடையது.

சென்ற வாரம் பெரியவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டியைத் தாமே வெளியே இழுத்து, மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டையும் கழற்றிக் காட்டினார். தகட்டின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. புடவைக் கட்டுகளின்மீது சரக்கு விவரம் எழுதி எழுதிப் பழகிய அந்த முத்து முத்தான கையெழுத்தில், ‘மின்வழங்கி: 2019-இல் மாற்றியது’ என்றும், ‘சேமிப்பகம்: 500 ஜி.பி., படங்கள் இங்கே; பிரதி பீரோவில்’ என்றும் இரண்டு வரிகள். மூன்றாவது வரியைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு இட்டிருந்தார்: ‘நினைவகம்: 4 ஜி.பி. படங்கள் இதில் இல்லை.’